அறுபத்தொன்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே

1995-ஆம் ஆண்டு அமெரிக்க நாணயச்சாலை ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. 'அமெரிக்கன் ஈகிள்' நாணய வரிசைக்குப் பத்தாவது ஆண்டு என்பதற்காகச் செய்த பெட்டி அது. உள்ளே நான்கு தங்கக் காசுகள்: ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ், பத்தில் ஒரு பங்கு. விலை 999 டாலர். ஐந்தாவதாக ஒரு வெள்ளி டாலர். அதற்குத் தனிக்காசு வாங்கவில்லை, இலவச இணைப்பு. அந்த வெள்ளி டாலரின் பின்புறம் 'டபிள்யூ' என்ற சிறிய எழுத்து இருந்தது. நியூயார்க் மாநிலத்து வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் குறி அது.

1986-இல் வெள்ளி ஈகிள் தொடங்கியதிலிருந்து வருடம் தவறாமல் ஒவ்வொன்றாகச் சேர்த்து வந்தவர்களுக்குக் கோபம் வந்தது. ஒரு வெள்ளிக் காசுக்காக ஆயிரம் டாலர் தங்கத்தைத் தலையில் கட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? பலர் வாங்காமல் விட்டுவிட்டார்கள். கடைசியில் வெளியே போனவை 30,125 மட்டுமே. அதே ஆண்டு பிலடெல்பியாவில் அடித்த வழக்கமான 'ப்ரூஃப்' (சேகரிப்பாளர்களுக்காக மெருகேற்றி அடிக்கும் வகை) வெள்ளி ஈகிள் 4,38,511.

அந்த இலவசக் காசுகளில் ஒன்று, தரச்சான்று நிறுவனமான பி.சி.ஜி.எஸ். 70-க்கு 70 மதிப்பெண் கொடுத்தது, 2013-இல் இணைய ஏலத்துக்கு வந்தது. போன விலை 86,654 டாலர். அதே பெட்டியிலிருந்து வந்து மதிப்பெண் வாங்காத காசுகள் அப்போது சில ஆயிரம் டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. சில ஆண்டுகள் கழிந்தன. அதே ஆண்டு, அதே எழுத்து, அதே நிறுவனம், அதே 70; விலை இருபதாயிரம் டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது.

காசு கறுக்கவில்லை, கீறல் விழவில்லை. மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் முதல் நாள் போலவே பளபளவென்று இருந்தது. மாறியது ஒன்றுதான். 2013-இல் அந்த 70-ஐ வாங்கிய காசுகள் மிகச் சில. பிறகு கூட்டாளிகள் சேர்ந்துகொண்டே போனார்கள். பீரோவிலும் வங்கிப் பெட்டகத்திலும் தூங்கிக்கொண்டிருந்த காசுகள் அந்த 86,654-ஐக் கேள்விப்பட்டு எழுந்து வந்தன. தரச்சான்று பெற்ற நவீன நாணயங்களில் பணம் போடும் எவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய கதை இது. 70 என்ற எண் காசைப் பற்றியது. விலை, அந்த 70 எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேருக்கு வேண்டும் என்பதைப் பற்றியது. முதலாவது மாறாமல் இருக்கும்போதே இரண்டாவது தலைகீழாக மாறலாம்.

நூற்றுக்கு நூறு என்று வைக்காமல் எதற்காக எழுபது? வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-இல் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட் காசுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தக் கால விலைகளைப் பார்த்தபோது, தேய்ந்து உருத்தெரியாமல் போன காசு ஒரு டாலர் என்றால், அதே ரகத்தில் அப்பழுக்கில்லாத காசு ஏறத்தாழ எழுபது மடங்குக்குப் போவதாக அவருக்குத் தெரிந்தது. ஆகவே கடைமட்டத்துக்கு 1, உச்சத்துக்கு 70 என்று வைத்தார். அடிப்படை விலையை மதிப்பெண்ணால் பெருக்கினால் சந்தை விலை வந்துவிட வேண்டும். அந்தப் பெருக்கல் கணக்கு சில ஆண்டுகளிலேயே பொய்த்துப்போனது, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்ற இரு நிறுவனங்கள், விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் ஆளாக நின்று, காசைப் பார்த்து மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்து, வரிசை எண் கொடுத்துத் தரத் தொடங்கின. சேகரிப்பாளர்கள் அந்த உறையை 'ஸ்லாப்' என்கிறார்கள். இன்று உலகச் சந்தையில் பெரும்பங்கு இந்த இரண்டு பெயர்களையே நம்பி நடக்கிறது.

பழைய காசுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தியது. நூறு ஆண்டுகள் கைமாறிய காசில் 20-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரியும். சேகரிப்புக்கென்றே அடிக்கும் நவீன நாணயத்தின் நிலை வேறு. அது புழக்கத்துக்கே போவதில்லை. மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வட்டத்தகட்டில், ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடித்து, கைபடாமல் உறையில் போட்டு வாசலுக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலானவை பிறக்கும்போதே 69 அல்லது 70. அதனால் சண்டை முழுவதும் அந்த ஒரே ஒரு புள்ளியில்தான் நடக்கிறது.

அந்தப் புள்ளியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மேசை விளக்கின் கீழே ஒரு வெள்ளி ஈகிள் இருக்கிறது. 40.6 மில்லிமீட்டர் அகலம். உள்ளங்கையின் நடுக்குழியை நிறைக்கும் அளவு. ஒரு பக்கம் சூரியனை நோக்கி நடக்கும் சுதந்திர தேவி, 1916-இன் அரை டாலருக்காக அடால்ஃப் வைன்மன் வடித்த உருவம். ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பார்த்தால், நாணயச்சாலையை விட்ட பிறகு ஏற்பட்ட எந்தக் குறையும் கண்ணில் படக்கூடாது. அப்போதுதான் 70 என்பது என்.ஜி.சி.யின் விதி. காசைச் சற்றே சாய்த்து மெல்லச் சுழற்றினால் கண்ணாடி போன்ற வெற்றுப் பரப்பில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடும் வழியில் மயிரிழை போல ஒரு கோடு மின்னி மறைந்தால் அது 69. தேவியின் கால் மடிப்பில் உறைபனி போன்ற வெண்பரப்பு ஊசிமுனையளவு உரசிப்போயிருந்தாலும் அப்படியே. பார்க்கும் நிபுணருக்கு ஒரு காசுக்குக் கிடைக்கும் நேரம் சில வினாடிகள்தான். காலையில் 69 வாங்கிய காசை உறையை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பி 70 வாங்குவதைச் சிலர் தொழிலாகவே செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 69-க்கும் 70-க்கும் இடையில் ஆயிரக்கணக்கான டாலர் கிடந்தால் ஆள் அங்கே போய் நிற்கத்தான் செய்வான்.

இரண்டு நிறுவனங்களும் தாங்கள் எந்தக் காசுக்கு எத்தனை 70 கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கைப் பொதுவில் வெளியிடுகின்றன. விலையைத் தீர்மானிப்பதில் இந்தப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். உறையை உடைத்து மறுபடி அனுப்பிய காசு, உறைக்குள் இருந்த பழைய மதிப்பெண் சீட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால், பட்டியலில் இரண்டு காசாக எண்ணப்படும். இன்னொரு பக்கம், பெரிய வணிகர்கள் மொத்தமாக அனுப்பும்போது '70 வந்தால் மட்டும் உறையில் போடுங்கள், மற்றதை அப்படியே திருப்பி அனுப்புங்கள்' என்று சொல்லிவிடலாம். அப்போது 69 ஆக இருந்திருக்க வேண்டியவை கணக்குக்கே வருவதில்லை. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு, பத்தில் ஒன்பது காசு 70 வாங்குவது போலத் தோன்றும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அனுப்பப்படாமல் வீட்டில் கிடக்கும் காசு. 1995-டபிள்யூ விஷயத்தில் விலையைக் கீழே இழுத்தது அதுதான். பட்டியலில் எண்ணிக்கை கூடலாம், குறைவது அபூர்வம்.

தேவைப் பக்கத்துக்கு வருவோம். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டுமே சேகரிப்பாளர்கள் தங்கள் வரிசையைப் பதிந்து போட்டியிடும் இணையப் பதிவேடு நடத்துகின்றன. வெள்ளி ஈகிள் வரிசை முழுவதும் யாரிடம் உயர்ந்த மதிப்பெண்ணில் இருக்கிறதோ அவர் முதலிடம். கோயில் தேரில் வடம் பிடிக்கும் முதல் ஆளாக இருக்க ஆசைப்படுவது போல, முதலிடத்தில் தன் பெயரைப் பார்க்கும் ஆசையும் மனித இயல்பு. அந்த ஆசை பண பலத்தோடு சேரும்போது, அரிய 70 ஒன்று ஏலத்துக்கு வரும் நாளில் இரண்டே பேர் விட்டுக்கொடுக்காமல் கேட்டால் போதும், விலை எங்கோ போய் நிற்கும். அடுத்த மாதம் அதே போன்ற இன்னொன்று வரும்போது அந்த இருவரில் ஒருவருக்குத் தேவை தீர்ந்திருக்கும். ஏல வரலாற்றில் ஒற்றையாகத் துருத்திக்கொண்டு நிற்கும் விலைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அந்த ஒரு விலையை மட்டும் பார்த்துவிட்டு வாங்கப் போகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

அடித்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் விலை கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. பாதி உண்மை. முதலீட்டுக்காக அடிக்கும் சாதாரண வெள்ளி ஈகிள்களில் மிகக் குறைவாக அடித்த ஆண்டு 1996. சுமார் 36 லட்சம். மிக அதிகமாக 2015, சுமார் 4.7 கோடி. இதன்படி 1996-இன் 70-தானே எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்? ஆனால் 74 லட்சத்துக்கு மேல் அடித்த 1999-இன் 70, அதைவிட அரிதாக இருக்கிறது. அந்தக் காலத்தில் இவற்றை யாரும் உறையிலிட்டுக் காக்கவில்லை என்பதுதான் காரணம். இருபது இருபதாகப் பிளாஸ்டிக் குழாயில் அடுக்கி, இருபத்தைந்து குழாயை ஒரு பச்சைப் பெட்டியில் வைத்து, வெள்ளிக்கட்டி போலத்தான் விற்றார்கள். குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு பல ஆண்டுகள் கிடந்தன. 2015-இன் காசுகளோ அச்சிலிருந்து இறங்கிய வேகத்தில் மூட்டை மூட்டையாகத் தரச்சான்றுக்குப் போயின. அவற்றில் 70 வாங்கியவை குவிந்து கிடக்கின்றன. வெள்ளியின் விலைக்கு மேல் அவை கொண்டுவரும் கூடுதல் தொகை சில நேரம் தரச்சான்றுக் கட்டணத்துக்கே கட்டாது.

உரசல் ஒரு எதிரி என்றால் வெள்ளைப் புள்ளி இன்னொன்று. சேகரிப்பாளர்கள் இதைப் பால்புள்ளி என்ற பொருளில் அழைக்கிறார்கள். பார்க்க, கழுவிக் கவிழ்த்த வெண்கலப் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் காய்ந்த தடம் போல இருக்கும். தகட்டைச் சுத்தம் செய்யும் திரவம் முழுமையாக அலசப்படாமல் சூட்டில் படிந்துவிடுவதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கொடுமை என்னவென்றால், காசு 70 வாங்கி உறைக்குள் போன பல மாதங்களுக்குப் பிறகும் இது தலைகாட்டும். சீட்டில் 70 என்றே இருக்கும். வாங்க வருபவர் முகம் சுளிப்பார். நவீன வெள்ளியில் தோன்றும் இந்தப் புள்ளிக்கு பி.சி.ஜி.எஸ். தன் உத்தரவாதத்தில் இடம் தரவில்லை. கனடாவின் நாணயச்சாலை இதைத் தடுக்கவென்றே 2018-இல் தனிப் பாதுகாப்புத் தொழில்நுட்பம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. வெள்ளி நாணயம் வாங்குபவர் சீட்டைப் படிப்பதற்கு முன் காசைப் பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

உண்மையிலேயே எண்ணிக்கை குறைவு, தேவை அதிகம் என்று இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 நவம்பர் 14 சாட்சி. அன்று அமெரிக்க நாணயச்சாலை சான் பிரான்சிஸ்கோவில் அடித்த தனி மெருகு வெள்ளி ஈகிளை வெளியிட்டது. உருவம் பளபளப்பாகவும் பின்னணி மங்கலாகவும் இருக்கும் தலைகீழ் ப்ரூஃப். உச்சவரம்பு 30,000. விலை 65.95 டாலர். வீட்டுக்கு ஒன்று. எண்ணிட்ட சான்றிதழும் உண்டு. 1995-டபிள்யூவின் 30,125-க்கும் கீழே இருந்த அந்த எண்ணைப் பார்த்ததுமே சந்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாணயச்சாலையின் இணையதளத்தில் நிமிடக் கணக்கில் தீர்ந்தது. வெளிச்சந்தையில் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. வெள்ளி ஈகிள் சேர்ப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோருடைய பலகையிலும் இந்த ஒரு குழி காலியாக இருக்கும் என்பதுதான் அதன் பலம். சில ஆயிரம் மட்டுமே அடித்த நாணயங்கள் உலகில் எத்தனையோ உண்டு. சின்னஞ்சிறு தீவு நாடுகளின் பெயரில், திரைப்படக் கதாபாத்திரங்களும் வண்ண மீன்களும் அச்சிட்டு வெளிவருபவை அவை. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அந்த வரிசையைத் தொடர்ந்து சேர்ப்பவர் இல்லை. சேர்ப்பவர் இல்லாத அரிய காசு அரிதாகவே இருக்கும், விற்காது.

இனி சீட்டு. ஸ்லாப்பின் மேல்பகுதியில் இருக்கும் அந்தக் காகிதத்துக்கே தனி விலை உண்டு என்பது வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும். நாணயம் வெளியான முதல் முப்பது நாளுக்குள் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக பி.சி.ஜி.எஸ். 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' என்று போட்டுத் தருகிறது, என்.ஜி.சி. 'எர்லி ரிலீசஸ்' என்கிறது. முதலில் அடித்த காசு என்று இதை எடுத்துக்கொள்வது பிழை. எந்தக் காசை எந்த வரிசையில் அடித்தோம் என்று தாங்கள் குறித்து வைப்பதில்லை, முதலில் அனுப்பிய பெட்டியில் முதலில் அடித்த காசு இருக்கும் என்றும் சொல்ல முடியாது என்று அமெரிக்க நாணயச்சாலையே விளக்கியிருக்கிறது. அச்சு புதிதாக இருக்கும்போது அடித்தது கூர்மையாக இருக்கும் என்ற பழைய உண்மையின் நிழலை இந்தச் சீட்டு இரவல் வாங்கிக்கொள்கிறது. வெள்ளி ஈகிளின் பழைய பின்புறக் கழுகை வடித்த ஜான் மெர்காண்டி கையெழுத்திட்ட சீட்டுக்கும் ரசிகர்கள் உண்டு. இந்தக் கூடுதல் விலை வெளியீட்டு வாரத்தில் உச்சத்தில் இருக்கும். ஆண்டுகள் போகப் போகக் கரையும்.

எவ்வளவு உச்சத்துக்குப் போகும்? கென்னடி அரை டாலரின் ஐம்பதாண்டு நிறைவுக்காக 2014 ஆகஸ்டு 5 அன்று அதே உருவத்தைத் தங்கத்தில் வெளியிட்டார்கள். முக்கால் அவுன்ஸ் சுத்தத் தங்கம். தொடக்க விலை 1,240 டாலர். சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட்டில் நடந்த நாணயக் கண்காட்சியிலும், வாஷிங்டன், பிலடெல்பியா, டென்வர் ஆகிய இடங்களின் விற்பனைக் கூடங்களிலும் நேரில் கிடைக்கும் என்று அறிவிப்பு. முதல் இரவே வரிசை கட்டிவிட்டது. வரிசையில் நின்றவர்களில் பலர் சேகரிப்பாளர்களே அல்ல. வணிகர்கள் கூலி கொடுத்து நிறுத்திய ஆட்கள். முதல் நாளில், அந்தக் கண்காட்சியில் வாங்கியது என்று அச்சிட்ட சீட்டுக்குத்தான் அத்தனை மோதலும். மக்களின் பாதுகாப்பை முன்னிட்டு நாணயச்சாலை இரண்டொரு நாளில் நேரடி விற்பனையையே நிறுத்திவிட்டது. கண்காட்சியில் முதலாவதாக விற்ற காசு பிறகு ஒரு லட்சம் டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. அந்த வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே ஆர்டர் கொடுத்தவருக்கும் அதே தங்கம், அதே கென்னடி முகம்தான் தபாலில் வந்தது. சீட்டுக்குக் கொடுக்கும் பணம் காசுக்குக் கொடுக்கும் பணம் அல்ல; இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுப்பதே நல்லது.

இதற்கு நேர்மாறாக, காசின் முகத்திலேயே இருக்கும் வித்தியாசத்துக்குக் காலம் கடந்தாலும் மவுசு குறைவதில்லை. 2008-இல் வெஸ்ட் பாயின்ட்டில் வெள்ளி ஈகிள் அடிக்கும்போது பழைய 2007 பின்புற அச்சு தவறுதலாக மாட்டப்பட்டுவிட்டது. பின்புறத்தில் 'யுனைடெட்' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு வலப்பக்கக் காலில் சிறு குச்சி இருந்தால் அது புதிய அச்சு, இல்லாவிட்டால் பழையது. எளிதில் பிடிபடும் வித்தியாசம் அதுதான். சுமார் 47,000 காசுகள் அப்படி வெளியேறின. இன்றும் அவற்றுக்குத் தனி விலை.

காலை உணவுப் பொட்டலத்தில் கிடைத்த புதையலின் கதை இன்னும் சுவையானது. ஷோஷோனி இனப்பெண் சக்காகவியா குழந்தையைச் சுமந்து நிற்கும் பொன்னிற ஒரு டாலர் நாணயம் 2000-இல் அறிமுகமானது. அதை விளம்பரப்படுத்த, 'சீரியோஸ்' என்ற காலை உணவின் ஒரு கோடிப் பெட்டிகளில் புதிய ஒரு சென்ட் காசு வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பெட்டிக்கு ஒன்றில் இந்த டாலரும் இருந்தது. மொத்தம் 5,500 டாலர் காசுகள். குழந்தைகள் எடுத்து விளையாடின, பெரியவர்கள் செலவழித்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2005-இல்தான் ஒருவர் உற்றுப் பார்த்தார்: அந்தப் பெட்டிகளில் வந்த காசுகளில் கழுகின் வால் இறகுகள் மற்ற டாலர்களைவிடத் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருந்தன. கோடிக்கணக்கில் அடிப்பதற்கு முன் செய்து பார்த்த வடிவம் அது. ஒரு டாலர் முகமதிப்புள்ள காசு ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறிற்று. அதே நாணயத்தின் முகப்பை வடித்த கிளென்னா குட்ஏக்கருக்குக் கூலி 5,000 டாலர். அதைப் புதிய சக்காகவியா டாலர்களாகவே, தனியாக மெருகூட்டிக் கொடுத்தார்கள். சிற்பியின் கைக்குப் போன காசு என்ற வரலாறு சீட்டில் இருந்தால் அந்த ஒரு டாலர் பல நூறு டாலர். இங்கேயும் சீட்டு பேசுகிறது. ஆனால் பேசுவதற்கு ஒரு உண்மைச் சம்பவம் இருக்கிறது, மெருகில் கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் இருக்கிறது.

இத்தனைக்கும் அடியில் உலோகம் என்ற தரை இருக்கிறது. வெள்ளி ஈகிளில் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி. 2025 அக்டோபரில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டியபோது, சாதாரண ஆண்டுகளின் 69, 70 காசுகளுக்கும் உறையில்லாத காசுகளுக்கும் இடையே இருந்த இடைவெளி ஒப்பளவில் சுருங்கியது. வெள்ளி மலிவாக இருந்த நாளில் உறைக்கும் எண்ணுக்கும் கூடுதலாகக் கொடுத்தவரை உலோகம்தான் காப்பாற்றியது. அரிய காசுகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் விலையில் வெள்ளியின் பங்கு சாப்பாட்டில் உப்பு போல.

இணையக் கடைகளில் ஒருவர் கேட்கும் தொகையை அந்தக் காசின் விலை என்று நம்பிவிடும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. கேட்பதற்குக் காசு செலவில்லை. ஹெரிட்டேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ், கிரேட் கலெக்ஷன்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களில் முடிந்த விலைகளைத் தங்கள் தளங்களில் வைத்திருக்கின்றன. கடைசி ஐந்தாறு விற்பனையை வரிசையாகப் பார்த்தால் போதும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது குழந்தைக்கும் புரியும்.

இந்தியாவில் இந்த எச்சரிக்கைக்கு அவசியம் கூடுதல். 2012-இல் வெளியான வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய், பத்து ரூபாய் காசுகள் வீட்டிலிருந்தால் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று பரவும் காணொளிகளைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. உண்மையில் அவை புழக்கத்துக்கு ஏராளமாக வந்தவை. தேய்ந்த காசுக்கு முகமதிப்புக்கு மேல் பெரிதாக எதுவும் வராது. பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தது. இதற்காக இந்திய நாணயங்களுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளிவந்த ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயத்தை, நாணயச்சாலை தந்த அட்டை உறை கெடாமல், கைரேகை படாமல் வைத்திருப்பவரிடம் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள். துணியில் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கியவரிடம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். காசைத் துடைப்பது அழுக்கோடு விலையையும் சேர்த்துத் துடைப்பது. தரச்சான்று நிறுவனங்கள் துடைத்த காசுக்கு எண் கொடுக்காமல், 'சுத்தம் செய்யப்பட்டது' என்றே எழுதி அனுப்பும்.

போலிக்கும் இப்போது பஞ்சமில்லை. காசை மட்டும் போலியாகச் செய்த காலம் போய், உறையையும் சீட்டையும் வரிசை எண்ணையும் சேர்த்தே செய்கிறார்கள். சீட்டிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால், அந்தக் காசின் விவரமும், பல நேரம் படமும் வரும். படத்தில் இருக்கும் சிறு புள்ளி, கையில் இருக்கும் காசிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. 2021-இல் வெள்ளி ஈகிளின் பின்புறம் மாற்றப்பட்டபோது, விளிம்பின் வரிக்கோடுகளில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடப்பட்டது. போலியைக் கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு அது.

இத்தனையும் பணம் கொடுத்து வாங்கும் காசுகளின் கதை. காசே கொடுக்காமல் கிடைக்கும் நவீன அரிய நாணயமும் உண்டு. 2019-இல் அமெரிக்க நாணயச்சாலை, வரலாற்றில் முதல்முறையாக, வெஸ்ட் பாயின்ட்டின் 'டபிள்யூ' எழுத்தோடு புழக்கத்துக்கான கால் டாலர் காசுகளை அடித்தது. ஐந்து வடிவங்கள், ஒவ்வொன்றிலும் இருபது லட்சம். பெட்டி கிடையாது, சான்றிதழ் கிடையாது, இணைய விற்பனையும் கிடையாது. பிலடெல்பியாவிலும் டென்வரிலும் அடித்த காசுகளோடு கலந்து அப்படியே வங்கிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். 2020-இல் இன்னும் ஐந்து வடிவங்கள். பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் வங்கியிலிருந்து காசுச் சுருள்களை வாங்கி, சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி அந்தச் சின்ன எழுத்தைத் தேடினார்கள். கிடைத்ததில் பெரும்பாலானவற்றுக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்காது. மூட்டையில் மோதி, எண்ணும் இயந்திரத்தில் உருண்டு, கல்லாப்பெட்டியில் விழுந்து வந்தவை. இந்த வரிசையில் 70 என்பது கனவு. 67 வாங்கினாலே கொண்டாட்டம். யாரும் பீரோவில் பூட்டி வைத்துவிட்டுப் பத்து ஆண்டு கழித்து ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுவந்து கொட்டவும் முடியாது. மீதமிருப்பவை இப்போதும் அமெரிக்கக் கடைகளில் மிச்சச் சில்லறையாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தேய்ந்துகொண்டு.